கழுதையாவதற்கு ஒரு போட்டி

சீதேவிப்பிள்ளையைச் சீட்டில் வெல்ல அந்த வீட்டில் ஆளில்லை. ஆனால் அவளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. கையிலிருக்கும் சீட்டை ஒழுங்காக அடுக்க மாட்டாள். "இது ஸ்கோப்பனா, ஆட்டினா?" என்று பக்கத்திலிருக்கும் மகளிடமே காட்டிக் கேட்பாள். ஐயோ பாவம் என்று எல்லாரும் அவளை விட்டுவிட்டு மற்றவர்களைக் குறிவைக்க, அவள் சத்தமில்லாமல் வெறுங்கையோடு எழும்பிவிடுவாள்.

அவர்கள் விளையாடுவது கழுதை. ஒருவர் இறக்கிய இனத்தில், ஸ்கோப்பனோ ஆட்டினோ, சீட்டில்லாதவர் வேறொன்றைப் போட்டு வெட்டுவார். அந்த இனத்தில் பெரிய சீட்டுப் போட்டவர் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். யாரும் வெட்டாவிட்டால் அந்தச் சீட்டுகள் கழிந்துபோகும். கடைசிவரை சீட்டோடு இருப்பவர்தான் கழுதை, தேத்தண்ணி ஊற்றுவதும் அவர்தான்.

மூத்த மகள் வதனியைக் கட்டி வினோஜன் கதிரவெளியிலிருந்து வவுணதீவுக்கு வந்து ஐந்து மாதம். அவனுடைய ஒவ்வொரு லீவு நாளிலும் அவனே கழுதை.

"அத்தான், கதிரவெளியில சீட்டே விக்கிறதில்லையா?" என்பாள் இளையவள் அஜந்தா.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு அடுப்படிக்குப் போவான்.

இன்று காலை சீதேவிப்பிள்ளை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வதனி சொன்னாள்: "கல்குடாவில ஒரு அறை பார்த்திருக்கிறார் அம்மா. அவர் வேலை செய்யிற பாசிக்குடா ஹோட்டலுக்குக் கிட்டவாம். வாற மாசம் போவம் எண்டு சொல்றார்."

"நல்லதுதானே," என்றாள் சீதேவிப்பிள்ளை. பிறகு பார்த்தால் தேங்காய்ப் பூவோடு சிரட்டைத் தூளும் சேர்ந்து விழுந்திருந்தது.

மத்தியானம் சீட்டுக்கு உட்கார்ந்தார்கள். முதல் சுற்று, ஆட்டின். எல்லாரிடமும் ஆட்டின் இருக்கும் நேரத்தில் இனத்திலேயே பெரிய சீட்டான ஆஸைக் கழித்துவிடச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பக்கத்திலிருந்த வினோஜன் ஆஸைப் பாதி இழுத்தான். மாமியின் முகத்தைப் பார்த்தான். ஆஸை மெல்ல உள்ளே செருகிவிட்டு இரண்டைப் போட்டு, அசட்டுச் சிரிப்பொன்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுடையது. வெல்வதற்காகத்தான் அவள் அப்படிச் சிரிப்பாள். தோற்பதற்காகச் சிரிக்கும் ஒருவனை இப்போதுதான் காண்கிறாள். மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியே விடுகிறவன். கேட்காமல் ஒரு மிளகாயைக்கூட எடுக்காதவன். கல்குடாவுக்கு இவனை இழுப்பது வேலைக்குப் போகும் தூரமல்ல, இந்த வீட்டில் இருக்கும் கூச்சம்தான் என்று அவளுக்கு விளங்கியது. இன்றைக்காவது இவன் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கட்டும் என்று, தன் பெரிய சீட்டுகளை அவளும் கழிக்காமல் வைத்துக்கொண்டாள்.

வதனியும் அஜந்தாவும் தப்பிவிட்டார்கள். சீதேவிப்பிள்ளை ஸ்கோப்பன் ராசாவை இறக்கினாள். வினோஜனிடம் ஸ்கோப்பன் இல்லை. வேறு வழியில்லாமல் வெட்டினான். வெட்டிய கையாலேயே சீட்டை அள்ளப் பார்த்தான்.

"விடுங்க மருமகன். வெட்டினது நீங்க, அள்ளுறது நான்."

"பரவாயில்ல மாமி, நான் எடுக்கிறன்."

"விடுங்க எண்டுறன்!"

"ரெண்டு பேருக்கும் விசரா?" என்று அஜந்தா கத்தினாள். "கழுதையாகிறதுக்கா அடிபடுறீங்க?"

சீதேவிப்பிள்ளை கையை எடுக்கவில்லை. "ஆட்டின் ஆஸ் உங்கட கையிலதானே கிடக்கு?"

வதனி எட்டிப் பார்த்தாள். கிடந்தது.

வினோஜன் தலை குனிந்தான். "உங்கட வீட்ட வந்து, உங்களையே கழுதையாக்குறதா மாமி?"

"என்ர வீடா? கலியாணத்துக்கு வதனிக்கு எழுதியாச்சே. உங்கட வீட்டில நான் இருக்கிறன் எண்டுதான் அடுப்படி அறைக்குப் போனன். கரண்ட் காசு கூடினா என்ன நினைப்பீங்களோ எண்டு ஃபேனும் போடாமப் படுக்கிறன்."

"ஐயோ மாமி!"

"அப்ப இந்த வீட்டில ஆருமே இல்லை," என்றாள் அஜந்தா. "நான் மட்டும்தான் குடியிருக்கிறன்."

வதனிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அவளே சீட்டைக் கலைத்துப் போட்டாள்.

இம்முறை சீதேவிப்பிள்ளை இனம் இனமாக அடுக்கிப் பிடித்தாள். மகளிடம் காட்டிக் கேட்கவில்லை. வினோஜன் ஆஸ்களைப் பாயில் அடித்து அடித்துப் போட்டான். இப்படி விளையாடத் தெரிந்தவனா என்று அவள் வாய் பார்த்துக்கொண்டிருக்கையில், கடைசிச் சீட்டால் அவளுடைய ராணியை வெட்டிவிட்டு எழும்பினான். உண்மையாகவே தோற்றிருந்தாள். கோபம்கூட வந்தது.

கேத்திலை அடுப்பில் வைத்தபோது வெளியிலிருந்து குரல் கேட்டது.

"மாமி, எனக்குச் சீனி கொஞ்சம் கூட!"

ஐந்து மாதமாக அவளுடைய ருசிக்குக் குறைத்துப் போட்டுக் குடித்தவன். இரண்டு கரண்டி அள்ளிப் போட்டாள். மழை தூறத் தொடங்கியது. யன்னலால் பார்த்தாள். படலை திறந்து கிடந்தது. வினோஜன் மோட்டார் சைக்கிளை உள்ளே உருட்டிக்கொண்டு வந்தான்.

"கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில விடாதீங்க!" என்று சத்தம் போட்டாள். "கோழி அடைகாக்குது, கண் தெரியல்லையா?"