நீல வட்டம்

பெட்டி குழிக்குள் இறங்கவில்லை. கால்மாட்டில் ஒரு சாண் இடித்தது. தூக்கியவர்கள் அதைத் திரும்ப எடுத்து ரப்பர் மரத்தடியில் வைத்தார்கள்.

தோட்டத்தில் குழிக்கு அளவு எடுப்பது உடம்பை வைத்துத்தான். காலையில் குழி வெட்டும் சசி ஒரு கித்துள் பனை மட்டையை வெட்டி வந்து, இறந்து கிடந்த தெரேசம்மாவின் பக்கத்தில் வைத்து அளந்துகொண்டு போனான். தோட்டத்து ஆசாரி அடிக்கும் பெட்டிக்கு அது சரியாக இருந்திருக்கும். இது புளத்கொகுபிட்டிய டவுனில் எடுத்த, பித்தளைப் பிடி வைத்த பெரிய பெட்டி.

எல்லோரும் தெரேசம்மாவின் புருஷன் அந்தோனியைத்தான் பார்த்தார்கள். பருப்பில் உப்பு கூடியதற்கே லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கக் கத்துகிற மனிதர். மகள் சரோன் அவர் முகத்தையே பார்த்தாள். "என் எழவுலயாவது சத்தம் போடாம இருங்க" என்று அம்மா கடைசியாக அவரிடம் கேட்டிருந்தாள்.

"தப்பாயிருச்சு மாமா" என்றான் சசி.

அந்தோனியின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார், மூடினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். திரையில் நீல வட்டம் விரிந்து சுருங்கியது. அவர் மூச்சும் அதோடு போய் வந்தது.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கோபம் வந்தால் மூச்சை இழுத்து விடச் சொல்லும் அந்த மொபைல் ஆப்பை, போன வருஷம் சரோன்தான் அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். இவரைத் தனியாக நம்ப முடியாது என்று அம்மாவும் கூட உட்காருவாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வட்டத்தைப் பார்த்து மூச்சு இழுப்பார்கள். பாதியில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதை நினைத்ததும் சரோனுக்கு அழுகை பொங்கியது.

"வெட்டுங்க தம்பி. மெதுவா வெட்டுங்க" என்றார் அந்தோனி. சசி மம்பட்டியோடு குழிக்குள் இறங்கினான்.

சரோன் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவம் போயிருச்சாப்பா?"

"அது போயிருச்சு." போனை அவளிடம் நீட்டினார். "இது கோவத்த மட்டுந்தான் கேக்குது பாப்பா. மத்ததுக்கெல்லாம் ஒண்ணும் இல்லியா?"

அவள் தேடினாள். பயம், பதற்றம், துக்கம். துக்கத்தைத் தொட்டாள். எவ்வளவு நேரம் உட்காரப் போகிறீர்கள் என்று அது கேட்டது. மூன்று நிமிடம், ஐந்து, பத்து.

அந்தோனி போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். விரலால் திரையை மேலே தள்ளிப் பார்த்தார். பத்துக்குக் கீழே எதுவும் இல்லை.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

சசி குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து, "இப்ப சரி மாமா. எறக்கலாம்" என்றான்.