கூப்பிட்டுப் பேசுவது

ஊழியர்களின் மனநிறைவைக் குறைப்பது சம்பளமும் வேலைச்சுமையும்தான் என்று குழந்தைகள் நலப் பிரிவின் தலைவி அடித்துச் சொல்லியிருந்தாள். கருத்துக்கணிப்பை அலசிய புள்ளியியல்காரர் தயங்கித்தான் பேசினார்.

"ரெண்டையும் புள்ளிவிவர மாடல்ல போட்டுப் பார்த்தேன் மேடம். அதைவிடப் பெருசா இன்னொண்ணு நிக்குது. ஒரு கேஸ் கைமீறிப் போயிட்டா, அதைப் பார்த்த ஊழியரை மேலதிகாரி கூப்பிட்டுப் பேசுறாங்களாங்கறதுதான் அது."

அவளுக்குச் சுருக்கென்றது. போன வாரம் ஒரு குழந்தை இறந்துபோயிருந்தது. அந்தக் குடும்பத்தைக் கவனித்துவந்த ஊழியப் பெண்ணிடம் அவள் வாயே திறக்கவில்லை. புண்ணைக் கிளற வேண்டாம் என்று விட்டிருந்தாள்.

கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய், அந்தப் பெண்ணின் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளையப் பத்திச் சொல்லும்மா."

பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தப்பு என் மேலன்னுதான் நீங்க பேசலையோன்னு இருந்தேன்க்கா."

"இல்லம்மா. எப்படிக் கேக்குறதுன்னு எனக்குத்தான் தெரியல."

தான் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பைப் பிள்ளை தூங்கும்போதும் கழற்ற விடாது என்று அந்தப் பெண் மெல்ல ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தாமல் பேசினாள். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது, இருவருக்கும்.