வடக்குச் சரிவின் கிளைகள்

மதில்டா கதவைத் திறந்தபோது வாசலில் பனிச்சறுக்கு வண்டி நிறைய தேவதாருக் கிளைகள். பக்கத்தில் கோடாரியோடு ஹால்வோர்.

 மறந்தே போய்விட்டாள்! ஊர் வழக்கப்படி, அப்பாவின் சவப்பெட்டி போகும் பாதையில் வாசலிலிருந்து வெளிக்கதவுவரை தேவதாருத் தழை தூவ வேண்டும். பத்து மணிக்குத் தேவாலய மணி அடிக்கும். இப்போது ஒன்பது. ஆறு வருடம் அப்பாவுக்குப் பணிவிடை செய்து, மூன்று ராத்திரி கண்விழித்ததில் மூளை மரத்துப்போயிருந்தது.

"எங்க வெட்டினீங்க, ஹால்வோர்?"

"வடக்குச் சரிவுலம்மா."

பதினொரு வருடத்துக்கு முன், அந்தக் காடு ஹால்வோருக்குச் சொந்தமில்லை என்று தீர்ப்பு எழுதியவர் அப்பாதான். நீதிபதி லுண்டே. பிறகு பாராளுமன்றம் போனார். பெரிய மனிதரானார்.

பின்னாலிருந்து தம்பி லுத்விக் பாய்ந்து வந்தான். தலைநகரில் வக்கீல், அப்பாவின் தொகுதியில் அடுத்து நிற்கப்போகிறவன்.

"திருட்டு மரம்யா இது! அப்பா போற வழியிலயா போடுவ?"

"அவரு எங்க நடக்கப் போறாரு, வக்கீல் சார்? நீங்கதானே தூக்கிட்டுப் போகணும்."

லுத்விக்கின் முகம் சிவந்தது. ஹால்வோர் தொப்பியைக் கழற்றி மதில்டாவைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. கடைசியில அந்தத் தீர்ப்பைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"அக்கா, உள்ள போ," என்றான் லுத்விக்.

செவ்வாய்க்கிழமை விடியலில் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னது மூன்றே வாக்கியம். நேற்று அதை லுத்விக்கிடம் சொன்னாள். 'காய்ச்சல்ல உளறியிருக்காரு. வெளிய விட்டா அப்பா பேரும் போச்சு, என் தேர்தலும் போச்சு' என்றான்.

இதையும் இனி எத்தனை வருடம் சுமப்பது?

"சொன்னாரு," என்றாள் மதில்டா.

"அக்கா!"

"காட்டோட எல்லைக் கல்லை நேர்ல போய்ப் பாத்ததா தீர்ப்புல எழுதினாராம். ஆனா போகலையாம். அன்னிக்குப் பனி ஜாஸ்தின்னு பாதி வழியிலயே திரும்பிட்டாராம்."

ஹால்வோர் கத்தவில்லை. தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். முதல் கிளையை வாசலோரம் கிடந்த வெட்டுக்கட்டையில் வைத்தார்.

"அந்தக் கல்லு இன்னும் அங்கதாம்மா இருக்கு," என்றார். கோடாரி இறங்கியது. "நான் நறுக்கறேன். நீங்க தூவுங்க. நேரமாச்சு."

அவள் இரண்டு கையாலும் அள்ளித் தூவினாள். விரலெல்லாம் பிசின். லுத்விக் உள்ளே போய்க் கறுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டான்.

மணி அடித்தது. ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் லுத்விக். வாசற்படியில் அவன் பளபளத்த பூட்ஸ் அந்தப் பச்சையின் முன் நின்றது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். யாரோ இருமினார்கள்.

பிறகு, மெதுவாக, மிதித்தான்.