மீன் தண்ணீருக்கு ஒரு பாராட்டு

என் அத்தானைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நாக்கு' என்றால்தான் தெரியும். "நாக்கு கடையில இருக்காரா?", "நாக்குக்குக் காய்ச்சலாமே?" என்றுதான் விசாரிப்பார்கள். ஒயின் கடை வைத்திருப்பவர். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் சேரும் என்று பொருத்தம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாணத் தரகர்கள் சேர்த்து வைத்த ஜோடிகளாவது கோர்ட்டு வாசலை மிதித்திருக்கும், இவர் சேர்த்து வைத்த ஜோடி ஒன்றுகூடச் சண்டை போட்டதில்லை.

நான் அவர் மனைவியின் தம்பி. கடையில் கூட்டாளி. ருசிப்பது அவர் வேலை, விற்பது என் வேலை. எங்கள் குடும்பமே பேரம் பேசும் குடும்பம். எங்கள் வீட்டுக் குழந்தைகூடப் பால் புட்டியை நீட்டினால் உடனே வாங்காது, ஒரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்கும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே எவ்வளவுக்கு இறங்குவார் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான், பக்கத்து நாற்காலியில் இருந்த முகத்தை மாதக்கணக்கில் படிக்காமல் விட்டிருக்கிறேன் என்பது அந்த மதியம்தான் தெரிந்தது.

அன்று ஓட்டல்காரம்மா வந்திருந்தார். ஊரிலேயே பெரிய ஓட்டல் அவருடையது. பண்டிகை வாரம் முழுக்க அங்கே விருந்து நடக்கும், ஒயின் எங்களுடையது. எங்கள் கடைக்கு அந்த ஒரு வாரம்தான் மூச்சு. அது கைவிட்டுப் போனால் ஷட்டரை இறக்கிவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான். எதிர்வரிசையில் முகப்பெல்லாம் கண்ணாடி போட்டுப் புதிதாக ஒயின் கடை திறந்திருந்த கண்ணாடிக் கடைக்காரன் வேறு அந்த அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"அவன் உங்களவிடக் கம்மியாத் தர்றேங்கறான்" என்று படியேறும்போதே சொன்னார் ஓட்டல்காரம்மா. "ஆனா அவன்கிட்ட நாக்கு இல்லையே. இன்னைக்குச் சாப்பிட்டுட்டு முடிவு சொல்றேன்."

பண்டிகைக்கு முன்னால் கடைக்கு மேலேயுள்ள வீட்டில் இப்படி ஒரு சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். பண்டிகைக்கென்றே வழிவழியாகச் செய்கிற சமையலை அக்கா செய்வாள். பூசணி சூப், வெண்ணெயில் வதக்கிய மீன், முழுசாகச் சுட்ட வாத்து, கடைசியில் உலர்பழக் கேக். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயின். லேபிளைப் பார்த்து யாரும் மயங்கிவிடக் கூடாது என்பதற்காக எல்லாப் பாட்டிலுக்கும் துணிப்பை மாட்டி, கழுத்தில் முடிச்சுப் போட்டுவிடுவோம். பை மாட்டுவது நான்.

சூப்பும் அதற்கான ஒயினும் நல்லபடியாக முடிந்தன. ஓட்டல்காரம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல. சூப்புதானே, எதைக் குடுத்தாலும் போகும்" என்றார். எங்கள் பாஷையில் இதற்கு 'பிரமாதம்' என்று அர்த்தம். பிடிக்காத சரக்கை யாரும் மட்டம்தட்ட மாட்டார்கள், பேசாமல் நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்தது மீன். அத்தான் குளிர்ப்பெட்டியிலிருந்து பை மாட்டிய பாட்டிலை எடுத்து, தன் கிளாஸில் கொஞ்சமும் ஓட்டல்காரம்மாவின் கிளாஸில் கொஞ்சமும் ஊற்றினார். வெளிர் மஞ்சள் நிறம். கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடி ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குள் உருட்டி, விழுங்கினார்.

"பச்சை ஆப்பிள்" என்றார். "கொஞ்சம் எலுமிச்சைத் தோல். அப்புறம், மழை பெஞ்சு நின்ன உடனே கருங்கல்லுல ஒரு வாசனை வருமே, அது. மீனுக்கு இதவிட ஒரு துணை கிடைக்காதும்மா."

எனக்குப் பெருமையாக இருந்தது. அவை என் வார்த்தைகள். காலையில் பாட்டில்களைத் திறந்து பார்த்தபோது, "எப்படி இருக்கு, சொல்லு மாப்ள" என்று கேட்டார். நான் ஆப்பிள், எலுமிச்சை, கருங்கல் என்று அடித்துவிட்டேன். கொஞ்ச நாளாகவே இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் தயார் பண்ணுகிறார், நாளைக்குக் கடையை என் கையில் கொடுக்கத்தான் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

ஓட்டல்காரம்மா கிளாஸைத் தூக்கினார். அது மூக்குக்குக் கீழே வந்ததும் கை நின்றது. புருவம் இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போயின. குடிக்காமல், கிளாஸை மெதுவாக மேஜையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி.

"டேய், பெட்டியில ஒரு பாட்டில் வெச்சிருந்தேனே, பாத்தியா? பச்சை நூல் கட்டினது. மீன் தலை வேகவெச்சு வடிகட்டின தண்ணிடா. சாஸுக்கு வேணும்."

ஒயின் கடைக்காரன் வீட்டில் காலி பாட்டிலுக்கு என்ன குறை? எண்ணெய், வினிகர், சர்க்கரைப் பாகு, எல்லாமே எங்கள் வீட்டில் ஒயின் பாட்டிலில்தான். அக்காவுக்கு அடையாளம் கழுத்தில் கட்டிய கலர் நூல். அந்த நூலுக்கு மேலேதான் நான் பையை மாட்டி, இறுக்கி முடிச்சும் போட்டிருந்தேன்.

"இதுதானா பாருங்க" என்று ஓட்டல்காரம்மா தன் கிளாஸை அக்கா பக்கம் நகர்த்தினார்.

அக்கா முகர்ந்தாள். முகர்ந்தவள் கிளாஸைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்தாள். அவருடைய கிளாஸ் காலியாக இருந்தது.

மீன் தலைத் தண்ணீர். பூனைகூட மூன்று வீடு தள்ளியிருந்து கண்டுபிடித்துவிடும். ஊரே நாக்கு என்று கூப்பிடுகிற மனுஷன் அதைக் கண்ணை மூடி ருசித்து, கருங்கல் வாசனை என்கிறார்.

ஆனால் வியாபாரி ரத்தம் சும்மா இருக்குமா? மூளை நின்றாலும் வாய் நிற்கவில்லை.

"மேடம், மாட்டிக்கிட்டோம்!" என்று கைதட்டினேன். "இது எங்க அத்தானோட குறும்பு. வாங்கறவங்க நெஜமாவே ருசி பாக்கறாங்களா, இல்ல நாங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டறாங்களான்னு ஒரு பரீட்சை. எத்தனையோ பேரு ஆப்பிள் வாசனைன்னு சொல்லிக் குடிச்சிருக்காங்க. நீங்கதான் பாஸ்!"

ஓட்டல்காரம்மாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. பாதி நம்பிவிட்டார். அத்தான் ஒரே ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் சரக்கு கைமாறியிருக்கும்.

அத்தான் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டுடு மாப்ள" என்றார். பிறகு ஓட்டல்காரம்மா பக்கம் திரும்பினார். "பரீட்சை எல்லாம் இல்லம்மா. மழைக்காலத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுல மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. இன்னைக்குத் திரும்பிரும், நாளைக்குத் திரும்பிரும்னு பாத்தேன். திரும்பல. எனக்கு ஒயினும் ஒண்ணுதான், குழாத் தண்ணியும் ஒண்ணுதான்."

அக்கா கரண்டியை மேஜையில் வைத்தாள்.

"அப்போ காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு அனுப்பினதெல்லாம்?" என்றார் ஓட்டல்காரம்மா.

"இவன் வாய்" என்று என்னைக் காட்டினார் அத்தான். "இவன் எப்படி இருக்குன்னு சொல்லுவான். எது எதோட சேரும்னு நான் கணக்குப் போடுவேன்."

கடையைக் கொடுக்கத் தயார் பண்ணுகிறார் என்று நினைத்தேனே! என் வாயை வாடகையில்லாமல் குடியிருக்க எடுத்திருக்கிறார் மனுஷன். கோபம் வந்திருக்க வேண்டும். வாய் பிளந்தபடிதான் நின்றேன்.

ஓட்டல்காரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். முகம் சுவர் மாதிரி இருந்தது. நகர்ந்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எதிர்வரிசைக் கண்ணாடிக் கடைக்காரனின் பல்வரிசை கண்முன்னால் வந்து நின்றது.

"உக்காருங்க" என்றாள் அக்கா. குரலைக் கேட்டு நானே உட்கார்ந்துவிட்டேன். "வாத்து இருக்கு. காலையில இருந்து அடுப்புல நின்னு சமைச்சது நான். பொய் சொன்னது அவரு. என் சாப்பாட்ட விட்டுட்டுப் போனா எப்படி?"

ஓட்டல்காரம்மா தயங்கினார். வாத்தின் மணம் எனக்காகக் கொஞ்சம் வேலை பார்த்திருக்க வேண்டும். உட்கார்ந்தார். ஆனால் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"சரி, வாத்துக்கு என்ன ஒயின்? இங்கயே, என் முன்னாடி சொல்லுங்க."

அத்தான் அக்காவிடம் கேட்டார், "கொழுப்பு எப்படி இருக்கு?"

"உங்களுக்கு இருக்கற அளவுக்கு இருக்கு."

"இனிப்பு?"

"ஆரஞ்சுச் சாறு கை தவறிக் கொஞ்சம் கூடப் போயிருச்சு" என்றாள், அவரைப் பார்க்காமல்.

"மாப்ள, நீ ஒரு துண்டு வாயில போடு. இனிப்பு முன்னால வருதா, பின்னால வருதா?"

"முன்னால அத்தான். அப்புறம்தான் கறி."

அவர் மேஜையில் தயாராக இருந்த சிவப்பு ஒயினை ஓரமாகத் தள்ளினார். "இது வேணாம். இத்தனை இனிப்போட இத வெச்சா வாயெல்லாம் கசக்கும். கீழ கடையில, கல்லாவுக்குப் பின்னால, அந்த மெல்லிசு சிவப்பு இருக்கு பாரு, புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு நீ சொன்னியே, அத எடுத்துட்டு வா. பை மாட்டாத."

படியிறங்கி ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கியது. ஓட்டல்காரம்மா முகர்ந்தார், சந்தேகமாக இன்னொரு தடவை முகர்ந்தார். ஒரு துண்டு வாத்து, ஒரு வாய் ஒயின். இன்னொரு துண்டு. அத்தானின் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன, நகம் வெளுத்திருந்தது. கிளாஸ் காலியானதும் ஓட்டல்காரம்மா பாட்டிலை எடுத்துத் தானே ஊற்றிக்கொண்டார். மடியிலிருந்த பை தரைக்குப் போயிருந்தது.

"கண்ணாடிக் கடைக்காரன் இதவிடக் கம்மியாத் தருவான்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. வேண்டாத சரக்குக்கு யாரும் பேரம் பேசுவதில்லை.

"பண்டிகை வாரம் மட்டும்தான்" என்றார். "அதுக்கு அப்புறம் பாக்கலாம். இவங்க ரெண்டு பேரும் ருசி பாக்கணும், நீங்க முடிவு சொல்லணும். தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். இன்னொரு தடவை எனக்கு மீன் தண்ணிய ஊத்தினீங்கன்னா, ஓட்டல் வாசல்ல உங்க நிழல்கூட விழக் கூடாது."

அவரை வண்டியேற்றிவிட்டு மேலே வந்தேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அத்தான் துடைக்கிற துணியோடு, தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி நின்றார்.

"போன வாரம் கேக்கு அடி புடிச்சுக் கரியாப் போச்சு" என்றாள் அக்கா. "வீடெல்லாம் மணக்குதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"மழைக்காலத்துல இருந்து ஒரு நாள் விடாம நல்லாருக்கு நல்லாருக்குன்னீங்க. நானும் அத நம்பித் தனியா நின்னு சிரிச்சுக்கிட்டேன்." குழாயை மூடினாள். "நெஜமா கடைசியா எதோட ருசி தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

அத்தான் யோசித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "காய்ச்சலுக்கு முந்தின நாள். பருப்பு சூப். நல்லா ஞாபகம் இருக்கு, அன்னைக்கு நீ உப்புப் போட மறந்துட்ட."

அக்காவின் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது.

"அன்னைக்கும் நல்லாருக்குன்னுதானே சொன்னீங்க!"