சொதப்பிய பாடங்களின் அறை

யாரும் வராவிட்டால் நாற்காலிகளை மடக்கிவைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மாநாட்டின் பெரிய அரங்கில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அத்தான் கேலி செய்வார், செய்துவிட்டுப் போகட்டும்.

கதவில் தான் எழுதி ஒட்டிய தாளை அவள் மறுபடி பார்த்தாள்: 'கணினியால் சொதப்பிய பாடங்கள். சொல்லவும் சிரிக்கவும்.' கல்வித் தொழில்நுட்ப ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் எழுதுகிற எழுத்தா இது என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. சங்கம் தொடங்கிய காலத்தில் மாநாடு என்றால் மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது. இன்று மாநாடு கம்பெனிகளின் கடைவீதி. அப்படியானால் சங்கம் எதற்கு? இந்தக் கேள்வி வெகுநாளாக அவளைக் குடைந்துகொண்டிருந்தது. சங்கத் தலைவர் அக்கா புருஷன்தான்; அந்த அத்தானிடம் மன்றாடித்தான் இந்தப் பின்னறையை வாங்கியிருந்தாள்.

அறிவியல் டீச்சர் ஒருவர் எட்டிப்பார்த்தார். "இங்க நெஜமாவே சொல்லலாமா? மேலதிகாரிங்க காதுக்குப் போயிடாதுல்ல?"

"போகாது, உக்காருங்க டீச்சர்."

அவர் பின்னால் இன்னும் சிலர். பிறகு ஜன்னல் விளிம்பிலும் ஆட்கள்.

மொழியாசிரியர் ஒருவர் எழுந்தார். "எங்க வகுப்புக்கு வாசிப்புச் செயலி குடுத்தாங்க. ஒரு பக்கம் முடிச்சா ஒரு நட்சத்திரம். பசங்க ஒரு வரி படிக்கல. விரலால தள்ளித் தள்ளியே நட்சத்திரத்த அள்ளிட்டானுங்க. எனக்குச் சிறந்த ஆசிரியர்னு கேடயம் வேற!"

"கேடயத்த என்ன சார் பண்ணீங்க?"

"காத்துல கதவு அடிச்சுக்காம முட்டுக்குடுத்து வச்சிருக்கேன்."

அறை குலுங்கிற்று. பின்வரிசையில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண் கை தூக்கினாள்.

"சார், அந்தச் செயலிய எழுதினது நாந்தான்."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"திட்டாதீங்க. பசங்க எப்படித் தள்ளினாங்கன்னு காட்டுங்களேன். இத யாருமே எங்கிட்ட சொல்லல."

"பின்னாடி ஏம்மா ஒளிஞ்சிருக்க? வா இங்க" என்று அறிவியல் டீச்சர் அவளை இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். மொழியாசிரியர் புத்தகம் புரட்டுவதுபோல் விரலை நக்கி நக்கித் தள்ளிக் காட்ட, அந்தப் பெண்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்; கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ, மெதுவா" என்றாள். கதவோரம் நின்று பார்த்த செயலாளருக்குள் ஏதோ துள்ளிற்று. சங்கம் எதற்கு என்று குடைந்துகொண்டிருந்த கேள்வி போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் அத்தான் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"ஏம்மா, அங்க அரங்கமே காலி. கம்பெனி முதலாளி வெறும் நாற்காலிங்களப் பாத்துப் பேசிட்டிருக்காரு. இவங்கள ஒரு அரை மணி நேரம் அனுப்பி வை. அப்புறம் வந்து சிரிச்சுக்கட்டும்."

"எழுந்து போனா திரும்ப வரமாட்டாங்க அத்தான்."

"கம்பெனிக்காரங்க கோவிச்சுக்கிட்டு காச நிறுத்திட்டா அடுத்த வருஷம் மாநாடே இல்ல, தெரியுமா? ஒங்கக்காகிட்டகூட நான் இப்படிக் கெஞ்சினதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் பயம் பொய்யில்லை என்பதும் தெரிந்தது. உள்ளே அறிவியல் டீச்சர் தன் கதையைத் தொடங்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அனுப்ப மாட்டேன் அத்தான்" என்றாள், அறைக்குள் கேட்காத குரலில்.