முதல் இதழ் மட்டும்

செப்டம்பர் முதல் வியாழக்கிழமை எல்வியோ பத்திரிகைக் கடைக்கு வந்துவிட்டார் என்றால், இத்தாலியக் கடற்கரை ஊரான பெல்லாரியாவில் கோடை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவர் தலை தெரிந்ததுமே கடைக்காரி நீவெஸ் மேசைக்கு அடியில் கைவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட ஆங்கிலப் பாட இதழை எடுத்து நீட்டினாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மரியாதைக்கெல்லாம் அங்கே இடமில்லை.

“இந்தாப்பா, முதல் இதழ். இதோட உன் வீட்டுல பதினாலு ஆச்சு. அடுக்கி வெச்சா ஒரு சுவரே கட்டிடலாம்.”

“இந்தத் தடவை முடிச்சிடுவேன்.”

“போன தடவையும் இதையேதான் சொன்னே.”

செப்டம்பர் வந்தால் இத்தாலியில் பாதிப் பேருக்கு இந்தக் காய்ச்சல் வந்துவிடும். விடுமுறை முடிந்து வீடு திரும்பியதும் புதிதாக எதையாவது தொடங்கியே ஆகவேண்டும். அதற்கென்றே வாராவாரம் வரும் பாட இதழ்கள் கடைகளில் குவியும். முதல் இதழ் ஒரு காபி விலை, இரண்டாவது முழு விலை. முதலாவதை ஊரே வாங்கும். இரண்டாவதை நீவெஸ் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்புவாள்.

யார் வெளியிட்டாலும் முதல் பாடம் என்னவோ ஒன்றுதான்: காலம், புதிய தொடக்கம். அதனால் டுடே, டுமாரோ, சூன், நெக்ஸ்ட் இயர், நியூ ஸ்டார்ட் எல்லாம் எல்வியோவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதற்கு மேல் ஒரு சொல் தெரியாது.

இத்தனை பாடும் வென்டிக்காக. இங்கிலாந்தில் லீட்ஸ் ஊர்க்காரி, கணவனை இழந்தவள். ஒன்பது கோடை தொடர்ந்து வந்து, எல்வியோ வாடகைக்கு விடும் கடற்கரைக் குடைகளில் முன்வரிசை மூன்றாம் குடையில்தான் உட்காருவாள். கையாலும் சிரிப்பாலும் பேசிக்கொண்டார்கள். மாலையில் குடைகளை மடக்கியபின் பீச் பழத்தை நறுக்கி ஒயினில் போட்டு இருவரும் சாப்பிடுவார்கள். கடைசி வருடம் கிளம்பும்போது அவள் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, இனி நீதான் வரவேண்டும் என்று விரலால் சொன்னாள்.

பிறகு கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு கார்டு வந்தது, உள்ளே நெருக்கி நெருக்கி எழுதி. நீவெஸிடம் கொடுத்தால் படித்துச் சொல்லியிருப்பாள். ஓட்டல் வரவேற்பில் இருபது வருடம் வேலை பார்த்தவள். ஆனால் ஊர் சிரிக்குமே. ஆங்கிலம் வந்ததும் நானே படித்துக்கொள்கிறேன் என்று எல்வியோ அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். பதிலுக்கு, விரைவில் வருகிறேன் என்ற அர்த்தத்தில், தெரிந்ததை எழுதினார்: “சூன். நெக்ஸ்ட் இயர். நியூ ஸ்டார்ட்.”

குளிர்காலம் முழுக்க சும்மா இருக்கும் மனிதர்தான். ஆனாலும் புனிதர் திருநாள் கழியட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும், மிதிபடகுகளுக்கு வண்ணம் அடித்து முடியட்டும் என்று பயணத்தைத் தள்ளித் தள்ளி, ஈஸ்டர் வந்துவிடும். உண்மைக் காரணம் பயம். இங்கே நாற்பது குடைக்கு அவர் ராஜா, வாயைத் திறந்தால் கடற்கரையே சிரிக்கும். அங்கே போய் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாயில்லாப் பூச்சியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே வெட்கம் காலைக் கட்டிப்போட்டது.

அன்று மதியம் அவர் குடைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, காலணியைக் கையில் பிடித்தபடி ஒரு வெள்ளைத் தலைப் பெண்மணி மணலில் நடந்து வந்தாள். வென்டியின் அதே மூக்கு. ஏதோ சொன்னாள், புரியவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதில் வென்டியின் படம், கீழே இரண்டு தேதிகள். இரண்டாவது தேதி இந்த வருட ஜூன் மாதம்.

எல்வியோ அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவருக்குத் தெரிந்த சொற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்றுகூட இதற்கு உதவாது. கடைசியில் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஓடினார், நீவெஸைக் கூட்டிவர.

“தங்கச்சியாம், பாலின்” என்றாள் நீவெஸ், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு. “உன் பதில் வர்ற ஜனவரி எல்லாம் வென்டி உள் ரூம் கட்டில்ல புது விரிப்பு போடுவாளாம். அவர் சூன்னு எழுதியிருக்கார், வந்துடுவார்னு சொல்லுவாளாம்.”

எல்வியோ அட்டையில் ஒட்டிய மணலைத் துடைத்தார்.

“கடைசியா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாளாம். நீ நிஜமாவே வந்திருப்பியான்னு.”

“டிக்கெட் எடுத்து வெச்சிருந்தேன்னு சொல்லு.”

“எடுத்திருந்தியா?”

“சொல்லேன்.”

நீவெஸ் சொன்னாள். அவர் சொன்னது ஒரு வரி. அவள் சொன்னது அதைவிட நீளமாக இருந்தது. பாலின் எழுந்து, மணல் ஒட்டிய அவர் கையைத் தன் இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னாள். பிறகு சாலையில் காத்திருந்த டாக்ஸியை நோக்கி நடந்தாள், விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

“நம்பிட்டாங்களா?” என்று கேட்டார் எல்வியோ.

“டிக்கெட் கதையை நான் சொல்லல. நீ பயந்துட்டேன்னு சொன்னேன். பதினாலு வருஷமா முதல் இதழை மட்டும் வாங்குறேன்னும் சொன்னேன்.”

அவருக்கு முகம் சிவந்தது. “உன்னை யாரு அதையெல்லாம் சொல்லச் சொன்னா?”

“கோபப்படாதே. நீ வரமாட்டேன்னு வென்டிக்கும் தெரியுமாம். ஆனாலும் விரிப்பை மாத்தினாளாம்.”

எல்வியோ மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொய்யைக்கூடத் தன் வாயால் சொல்ல முடியவில்லை, உண்மையையும் வேறொருத்தி சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குளிர்காலம் போதுமாக இருந்ததே என்று நினைத்தார். பதினான்கு இருந்தன.

அடுத்த வியாழக்கிழமை நீவெஸ் கடைக் கதவைத் தூக்கும்போது அவர் வெளியே நின்றிருந்தார்.

“ரெண்டாவது இதழ் வந்துச்சா?”

நீவெஸுக்குக் கேலி நாக்கு நுனிவரை வந்து நின்றது. “இப்ப எதுக்குப்பா? யாரோட பேசப் போறே?”

“பேச இல்ல. அவ போட்ட கார்டு ஆறு இருக்கு. ஒண்ணுகூட இன்னும் படிக்கல.”

“கொண்டா, நான் அஞ்சு நிமிஷத்துல படிச்சுச் சொல்றேன்.”

எல்வியோ முழு விலையை மேசைமேல் வைத்தார்.

“வேண்டாம் நீவெஸ். அவ எனக்குத்தானே எழுதினா.”