விரல் கன இடைவெளி

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கியர்பாக்ஸைத் தூக்கி ஏற்றும் ஜாக்கியை லோர்னா தன் முன்னாள் கணவன் கர்ட்டிஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விவாகரத்துத் தாளில் எழுதியிருந்தது. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுக்கு வந்து தொலைய வேண்டியதுதானே? பத்தரைக்கே காபிக் கோப்பையும் கையுமாகக் கராஜ் வாசலில் வந்து நின்றான். பூட்ஸில் பனி உருகிய ஏப்ரல் மாதச் சேறு. அதோடு அப்படியே உள்ளே வந்தான்.

"பரவால்லயே, இன்னும் வண்டிக்கு அடியிலதான் கெடக்கியா?"

"மணி பன்னெண்டு ஆகல. வெளிய நில்லு" என்றாள் லோர்னா.

"வெளிய குளுருது."

உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. அவனாக ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய வீடு, கூச்சம் எங்கிருந்து வரும்?

லோர்னா கிராமத்துச் சாலைகளில் தபால் போடுகிறவள். நூற்றுப் பதினெட்டு மைல், முந்நூறு வீட்டுத் தபால் பெட்டி, சொந்த வண்டி. மார்ச் கடைசியில் அவளுடைய பிக்கப் வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கைவிரித்துவிட்டது. இஞ்சின் உறுமும், வண்டி நகராது. மூன்று வாரம் யார் யாரிடமோ இரவல் வண்டி வாங்கி ஓட்டினாள். இனி இரவலுக்கும் ஆளில்லை. திங்கட்கிழமை காலை வண்டியோடு வரவில்லை என்றால் ரூட்டை மாற்று ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று தபால் ஆபீஸ் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அந்த மாற்று ஆள் யாரென்று நினைக்கிறீர்கள்? ட்ரேசி. கர்ட்டிஸ் இப்போது யார் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறானோ, அதே ட்ரேசி.

ஊரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரே ஆள் கர்ட்டிஸ். அவன் காலில் விழுவதைவிட அந்த முந்நூறு பெட்டிக்கும் நடந்தே போகலாம் என்று லோர்னாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கையேடு ஒன்று வாங்கினாள். கியர்பாக்ஸை இறக்கி, மேஜைமேல் செங்குத்தாக நிறுத்தி, எண்ணூறு சொச்சம் சாமான்களைக் கழற்றி, கேக் தட்டுகளில் வரிசை மாறாமல் அடுக்கினாள். கருகிப்போன கிளட்ச் பிளேட்டுகளைத் தூக்கி எறிந்து, புதியதைச் சிவப்பு ஆயிலில் ஊறப்போட்டுப் பூட்டினாள். விரல் நகமெல்லாம் போய்விட்டது. ஆனாலும் பூட்டிவிட்டாள்.

இன்றைக்கு மிச்சம் அதை மேலே ஏற்றி இஞ்சினோடு சேர்ப்பது மட்டும்தான். ஏற்ற ஜாக்கி வேண்டும். ஜாக்கிக்கோ பன்னிரண்டு மணி வரைதான் ஆயுள்.

"அந்த லைட்டை யாராவது அங்க மாட்டுவாங்களா? கண்ணுலதான் அடிக்கும்" என்றான் கர்ட்டிஸ்.

அவள் கியர்பாக்ஸைச் சங்கிலியால் ஜாக்கியோடு கட்டினாள்.

"சங்கிலி கோணலா இருக்கு."

"இருக்கட்டும்."

"ஸ்பானரை ஒழுங்கா புடிக்கத் தெரியல, கியர்பாக்ஸ் பண்றாளாம். கேக் தட்டுல வேற. நீ சுட்ட கேக்குதான் எனக்குத் தெரியுமே."

"தின்னது மட்டும் யாராம்?"

"வேற வழி? வீட்டுல நாயும் இல்ல, அதுக்குப் போடலாம்னா."

லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயாடிக்கொண்டிருந்தால் மணி ஓடிவிடும். அதுதான் அவனுக்கு வேண்டியது. ஜாக்கியை வண்டிக்கு அடியில் உருட்டினாள். தரையில் சிமெண்ட் வெடித்திருந்த இடத்தில் சக்கரம் இடறி, கியர்பாக்ஸ் ஒரு கணம் மூக்குக் குப்புறச் சாய்ந்தது. எங்கோ 'டக்' என்று சத்தம். சங்கிலிதான் என்று நினைத்து நிமிர்த்தி, மேலே ஏற்றினாள். கியர்பாக்ஸின் வாய் இஞ்சினை நோக்கிப் போய்ச் சேர்ந்தது. முழுசாகச் சேரவில்லை. சுற்றிலும் ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி நின்றது.

தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு போல்ட்டைக் கையால் திருகிவிட்டு, ஸ்பானரைப் போட்டு வலது போல்ட்டை அரைச் சுற்று முடுக்கினாள். இடைவெளி ஒரு மயிரிழை குறைந்தது. இன்னொரு அரைச் சுற்று. இப்படியே முடுக்கினால் தானாக உள்ளே வந்துவிடும் போலிருந்தது. மணி பதினொன்று நாற்பது.

அப்போதுதான் கராஜ் நிசப்தமாக இருப்பது அவளுக்கு உறைத்தது.

கோணல், கேக், லைட் என்று வாய் ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்த மனுஷன் மூச்சுக் காட்டவில்லை. லோர்னா படுத்தபடியே தலையைத் திருப்பினாள். கர்ட்டிஸ் வாளியிலிருந்து இறங்கிக் குந்தியிருந்தான். அவன் கண் அந்த இடைவெளியிலேயே இருந்தது. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள்.

"நான் என்னத்தைச் சொல்ல? உன் வண்டி, உன் வேலை."

உன் வண்டி, உன் வேலையா? சூப்பில் மிளகு போட்டால்கூடக் குறுக்கே வந்து நிற்கிறவன், எப்போது இவ்வளவு நாகரிகம் கற்றான்?

ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் அவன் வருஷக்கணக்காகக் கொட்டிய வசவு இப்போது அவள் காதில் விழுந்தது. வீட்டில் கியர்பாக்ஸ் பண்ணுகிற பத்துப் பேரில் எட்டு மடையன்கள் இந்த இடத்தில்தான் உள்ளே இருக்கும் ஆயில் பம்பை உடைப்பார்கள் என்பான். கியர்பாக்ஸ் வாய்க்குள் பூசணிக்காய் கனத்தில் ஒரு கன்வர்ட்டர் உட்காரும், இஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது அதுதான். அதைத் திருகித் திருகி உள்ளே தள்ளும்போது மூன்று தடவை 'டக்' என்று விழ வேண்டும். மூன்றாவதுதான் பம்போடு பொருந்துகிற சத்தம். இரண்டில் நின்றால் இடைவெளி காட்டும். அதைக் கையால் சேர்க்காமல் போல்ட்டால் இழுத்தால் பம்ப் நொறுங்கும். அதனால் தொழில் தெரிந்தவன் வாய்க்குக் குறுக்கே ஒரு கம்பியைக் கட்டாமல் கியர்பாக்ஸை உருட்ட மாட்டான்.

லோர்னா நேற்று மூன்றையும் எண்ணித்தான் உட்கார வைத்தாள். கம்பிதான் கட்டவில்லை. மூக்குக் குப்புறச் சாய்ந்தபோது கன்வர்ட்டர் வெளியே நழுவியிருக்கிறது. அந்த 'டக்' அவனுக்கும்தானே கேட்டது?

போல்ட்டுகளைத் தளர்த்தினாள், ஜாக்கியை இறக்கினாள், கியர்பாக்ஸை வெளியே இழுத்தாள். கர்ட்டிஸ் காபியைக் குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. அவள் கன்வர்ட்டரை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே திருகினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஐந்தாவது சுற்றில் 'டக்' என்று ஓர் அங்குலம் உள்ளே போனது. இந்த முறை கம்பியைக் கட்டி உருட்டி, கடைசி நிமிஷத்தில் அவிழ்த்து ஏற்றினாள். ஸ்பானர் தேவைப்படவில்லை. உள்ளங்கையால் தள்ளியதும் வாய் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டது.

நாலு போல்ட்டைப் போட்டு இறுக்கி, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் மாட்டிவிட்டு ஜாக்கியை உருவினாள். பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம். ஜாக்கியை அவன் காலடிக்கு உருட்டிவிட்டாள்.

"எடுத்துக்கோ."

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நீ வாயை மூடிக்கிட்டே, அதான்."

"நான் சொல்லியிருப்பேன். நீ கேட்டிருந்தா..."

"பொய் சொல்லாதே கர்ட்டிஸ். திங்கக்கிழமை என் ரூட்டுல ட்ரேசி கிளம்பணும், அவ்வளவுதானே?"

அவன் ஜாக்கியைத் தன் பக்கம் இழுத்தான்.

லோர்னா கையைத் துடைத்துக்கொண்டாள். "இருபத்திரண்டு வருஷம் தொட்டதுக்கெல்லாம் என்னைக் கரிச்சுக் கொட்டினே. அப்பக்கூட, நான் ஒண்ணைக் கெடுத்துக்கக் கூடாதுன்னுதான் இந்த ஆளு கத்துறான்னு மனசுக்குள்ள ஒரு சின்ன நெனப்பு இருந்துச்சு. உன்னைத் துரத்தினப்புறமும் இருந்துச்சு. இன்னைக்கு நான் கெடட்டும்னு சும்மா உக்காந்திருந்தே பாரு. அதுவும் போச்சு."

கர்ட்டிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கராஜ் கதவின் பொத்தானை அழுத்தினாள். இறங்கி வந்த கதவுக்குக் குனிந்து, ஜாக்கியை இழுத்துக்கொண்டு அவன் சேற்றுக்குள் போனான்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பிக்கப் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு அலுங்காமல் மாறியது. நூற்று நாற்பதாவது பெட்டி ட்ரேசியுடையது. லோர்னா அதில் இரண்டு கடிதமும் ஒரு தள்ளுபடித் துண்டறிக்கையும் போட்டு, மூடியைச் சாத்திவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.